நிலவரிச் சீட்டு வந்தால் என்ன செய்வது?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் லயன் வீடுகளில் வாழ்ந்த காலத்தில், நிலவரி என்ற பேச்சே அவர்கள் காதில் விழுந்ததில்லை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டு நிலத்துக்குரிய வரி தோட்ட நிர்வாகத்தின் கவலையாகவே இருந்தது. தொழிலாளிக்கு நிலமும் இல்லை, வரியும் இல்லை. இன்றோ சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீடு சொந்தமாகிற அன்றே வரியும் சொந்தமாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் எழுந்த கட்டடத்தில் சிறு வீடொன்று வாங்கினார். நிலவரியைத் தப்பாகப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. "இதைத் திருத்தும் வரை ஒரு காசும் கட்டமாட்டேன்" என்று இரண்டு ஆண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது நியாயம், செய்தது பிழை. ஏன் என்பதே இப்பாடம்.

முதலாவது, சீட்டுகளைப் பிரித்தறிய வேண்டும். சுக்காய் தானா என்னும் நிலவரி மாநில அரசுக்குரியது. நில அலுவலகம் வசூலிப்பது. சுக்காய் பிந்து என்னும் மதிப்பீட்டு வரி மாவட்ட மன்றத்துக்குரியது. பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடாகிய சேம ஒதுக்கு நிதியும் கட்டட நிர்வாகத்துக்குரியவை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவித்த இடங்களில், முழு நிலத்துக்கும் ஒரே வரி என்பது போய், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே சுக்காய் பெத்தாக் வருகிறது. எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாமல் வழக்காடுவது, கங்காணியிடம் கேட்க வேண்டியதைக் கிராணியிடம் கேட்பது போலாகும்.

இங்கிலாந்தில் குத்தகை வீட்டுக்காரர் நிலவாடகையைப் பெரும்பாலும் தனியார் நிலச் சொந்தக்காரருக்குக் கட்டுகிறார். அங்கே 2022 ஜூன் 30 முதல் புதிய குத்தகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வாடகை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்டு, "இங்கும் கட்டவேண்டியதில்லை" என்று சிலர் சொல்வது தவறு. இங்கே அது அரசுக்குரிய வரி. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி ஜனவரி முதல் தேதி அது கடனாகிறது. மே மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் பாக்கியாகிறது. பின்னர் படிவம் 6ஏ என்னும் கோரிக்கை அறிவிப்பு வரும். அதில் கண்ட மூன்று மாதத்துக்குள்ளும் கட்டாவிடில் நிலத்தையே அரசு பறிமுதல் செய்யலாம்.

இரண்டாவது, பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது? விளங்குவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். கட்டடத்தில் 80 வீடுகள். நிலவரி 6,000 வெள்ளி. மொத்தப் பங்கலகு 1,000. பெரியவர் வீட்டுக்கு 8 பங்கலகு என்று வைத்துக்கொள்வோம். பங்கலகுப்படி அவர் பங்கு 48 வெள்ளி. நிர்வாகமோ எல்லா வீட்டுக்கும் சமமாக வகுத்து 75 வெள்ளி கேட்டது. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பொதுச் செலவைப் பங்கலகு விகிதப்படிதான் பங்கிடச் சொல்கிறது. ஆகவே ஆண்டுக்கு 27 வெள்ளி அதிகம் என்ற அவர் வாதம் சரியே. ஆனால் அதற்காக மாதம் 120 வெள்ளி பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து நிறுத்தினார் அல்லவா? இரண்டு ஆண்டில் 2,880 வெள்ளி பாக்கி! அதன்மேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டியும் ஏறலாம்.

அதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணப் பாக்கி வைத்திருப்பவருக்கு அக்கூட்டத்தில் வாக்குரிமை கிடையாது. கணக்கைத் திருத்தக்கூடிய சபையிலேயே அவர் கையுயர்த்த முடியாமற் போயிற்று.

மூன்றாவது, செய்ய வேண்டியவை:

1. உரிமைப் பத்திரத்தில் பங்கலகையும், குத்தகை முடியும் ஆண்டையும் பார்த்துக்கொள்க.

2. நில அலுவலகத்தின் வரிச் சீட்டு நகலையும் தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க.

3. சீட்டு வந்தால் தவணைக்குள் கட்டிவிடுக. தகராறான தொகையை "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று கடிதம் வைத்துக் கட்டுக. ரசீதையும் கடித நகலையும் பத்திரப்படுத்துக.

4. நிர்வாகம் செவிசாய்க்காவிடில் உள்ளாட்சி மன்றக் கட்டட ஆணையரிடம் முறையிடுக. அதன்பின் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை அது விசாரிக்கும். சாதாரணமாக வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை தொடங்கி 60 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. நில உரிமை யாருக்கு என்ற வழக்கை மட்டும் அது எடுத்துக்கொள்ளாது.

5. தகராறு நில அலுவலகத்தின் முடிவைப் பற்றியதானால் தீர்ப்பாயம் பயன்படாது. முடிவு தெரிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அத்தவணை கடந்தால் நியாயம் நம் பக்கமிருந்தும் பயனில்லை.

பெரியவர் கடைசியில் பாக்கியைத் தவணையாகக் கட்டி முடித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் பங்கலகுக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்தார். அவ்வாண்டு முதல் வரி விகிதப்படி வகுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுப் பிடிவாதம் செய்யாததை ஒரு தாள் செய்தது.

ஆகவே சகோதரர்களே, சீட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், கிழித்தெறியவும் வேண்டாம். வாசியுங்கள், கணக்கிடுங்கள், கட்டிவிட்டுக் கேளுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் பிள்ளையைக் கொண்டு படித்துக் காட்டச் செய்யுங்கள். உழைத்துச் சேர்த்த கூரை ஒரு தவணையின் மறதியால் கைவிட்டுப் போகலாகாது.