கொழுப்பு இருக்குதா உனக்கு?



எங்க ஊர்ப்பக்கம் கொழுப்பு என்றால் அது திட்டுகிற வார்த்தை. ‘காலேஜ் போனதும் கொழுப்பு ஏறிப்போச்சு’ என்று எங்க அம்மச்சி என்னைச் சொல்லாத நாளில்லை. (வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!) அதே அம்மச்சி கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு களை வெட்டவும் போய்விடும். தெம்பு எங்கிருந்து வருது என்று கேட்டால், ‘முருகன் குடுக்கறான் கண்ணு’ என்னும். எதன் வழியாகக் கொடுக்கிறான் என்பதை எழுதுகிறேன்.

கோவைக்காரர்களுக்கு இது சுலபம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, மலைமேல் சிறுவாணி அணை. சோற்றில் கிடைக்கும் சர்க்கரை கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக நிற்பது தொட்டி. மொத்தமே அரைக் கிலோ அளவுதான். கல்லீரலில் உள்ளது ஒரு நாள் பட்டினிக்கே காலி. கொழுப்புதான் அணை. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்புக்கு 9. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: ஒரு கிலோ டீசல் சுமார் 10,000 கிலோ கலோரி, ஒரு கிலோ கொழுப்பு 9,000! இடுப்பில் டீசலைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறோம்.

வயிறு காய்ந்தால் இன்சுலின் இறங்கும், மதகு திறக்கும். லைப்பேஸ் என்சைம்கள் கொழுப்பை ஒரு கிளிசராலாகவும் மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் உடைக்கும். அமிலங்கள் ரத்தத்தில் ஆல்புமின் புரதத்தின் மேல் ஏறித் தசைக்குப் போய், மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு எரியும். புகை? பத்து கிலோ கொழுப்பு எரிந்தால் சுமார் 8.4 கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடாக மூச்சில் போகிறது, மீதி தண்ணீர். வேர்வையில் கொழுப்பு உருகி ஓடுது என்பதெல்லாம் சும்மா.

மூளை மட்டும் இந்த அமிலங்களை ஏற்காது. அதற்கென்று கல்லீரல் கீட்டோன் தயாரித்து அனுப்பும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் மூளைக்குச் சர்க்கரை செய்யவே தசை வேகமாகக் கரைந்துவிடும்.

விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். வயது அறுபதுக்கு மேல். எழுபது நாளுக்கு மேல் தாங்கினார் என்றால், அத்தனை நாளும் உள்ளே எரிந்தது பெரும்பாலும் இந்தச் சேமிப்புதான். ஆனால் அணைக்கும் அடி உண்டு. கொழுப்பு தீரத் தீர உடம்பு தன் தசையையே தின்னும், இதயத் தசையையும் விடாது. அக்டோபர் 13-ல் அவர் இறந்தார். அவர் கேட்ட பெயர் 1969-ல் வந்தது.