விடுமுறை வார்டில் கழியும்போது: சிறு குழந்தைகளுக்கான செயல்பாட்டு நூல்களைத் தேர்ந்தெடுத்தல்

ஏப்ரல் மாத இறுதியில் எங்கள் குழந்தைகள் பிரிவில் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அது மருந்தைப் பற்றியதன்று. உணவைப் பற்றியதும் அன்று. “லீவு முழுக்க இங்கேதானா?” என்று குழந்தை கேட்கும். விடை சொல்ல இயலாத பெற்றோர் அன்று மாலையே கடைக்குச் சென்று, கைக்குக் கிடைத்த வண்ணம் தீட்டும் நூல்களையும் புதிர் நூல்களையும் வாங்கி வந்து கட்டிலின் மேல் அடுக்கி வைப்பர். சில நாட்கள் கழித்து, காலைச் சுற்றின்போது அவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு பக்கங்களுக்கு மேல் எதுவும் நடந்திராது. நூல் மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. குழந்தைக்கு ஆர்வமில்லை என்றும் பொருளில்லை. அந்த நாளில், அந்தக் கட்டிலில், அந்தக் கையால் செய்ய இயலாத நூல் அது, அவ்வளவே.

சிறுநீரக நோயுள்ள குழந்தைகளைக் கவனிப்பது என் பணி. அவர்களுள் பலருக்கு இருப்பது நெஃப்ராட்டிக் சின்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, உடலில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுவதால் கண்ணிமைகளும் கால்களும் வயிறும் வீங்கும் நோய் இது. பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தினால் வீக்கம் வடிந்துவிடும். ஆனால் அவர்களுள் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டும். எனவே ஒரே குழந்தை இந்த வார்டுக்குப் பலமுறை வர நேரிடுகிறது. ஏதேனும் ஒரு கோடை விடுமுறை இங்கே கழிவதும் உண்டு. எப்போது ஊசி, எவ்வளவு தண்ணீர், எந்த உணவில் உப்பு கூடாது என எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்யும் இடத்தில், யானைக்குப் பச்சை நிறம் பூசலாமா என்பதைக் குழந்தை தானே முடிவு செய்கிறது. ஆகவேதான் இந்த நூல்களைப் பொழுதுபோக்குப் பொருள்களாக மட்டும் நான் எண்ணுவதில்லை.

அட்டைக்கு முன் கையைப் பாருங்கள்

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர் நூல் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். முயல் காரட்டைச் சென்றடைய வேண்டும். நடுவே சுற்றிச் சுற்றிப் பாதைகள். மறுநாள் நூல் தரையில் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஸ்டீராய்டு மருந்து குழந்தைகளுக்கு எரிச்சலையும் தூக்கக் குறைவையும் தரக்கூடியது. ஆகவே மருந்தின் விளைவு என்றே குறிப்பேட்டில் எழுதினேன். அன்று பணியிலிருந்த செவிலியர்தான், “சார், ட்ரிப் எந்தக் கையில் போகிறது என்று பாருங்கள்” என்றார். வலக்கையில் கேனுலா பொருத்தி, கை அசையாதிருக்கச் சிறு பலகை வைத்துக் கட்டியிருந்தது. பழக்கமில்லாத இடக்கையால் கோடு இழுத்திருக்கிறாள்; கோடு ஒவ்வொரு முறையும் சுவரைக் கடந்து போயிருக்கிறது. முயல் போய்ச் சேரவே இல்லை.

அன்றிலிருந்து பெற்றோரிடம் முதலில் சொல்வது இதுதான்: கேனுலா பொருத்துவதற்கு முன்பே, உங்கள் குழந்தை எந்தக் கையால் வரைகிறது, எந்தக் கைப் பெருவிரலைச் சூப்புகிறது என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். நரம்பு கிடைக்கும் இடமே இறுதியில் முடிவு செய்யும் என்றாலும், தேர்வுக்கு இடமிருந்தால் மற்றக் கையைத் தேர்ந்தெடுப்போம்.

ஒரு கை கட்டப்பட்ட குழந்தைக்கு நூலே வழுக்கி ஓடும். தாளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே முற்றிலும் விரித்து வைக்கக்கூடிய, கம்பிச் சுருள் கோத்த நூலை வாங்குங்கள். அதை உணவு மேசையின் மேல் ஒட்டு நாடாவால் நான்கு மூலைகளிலும் ஒட்டிவிடுங்கள். ஸ்டிக்கரை உரித்தெடுக்க இரு கைகள் தேவை. பாதி உரித்து நீங்கள் நீட்டினால், ஒட்டும் வேலையைக் குழந்தை செய்யும். சாய்ந்து படுத்தபடி வரைபவர்களுக்குப் பந்துமுனைப் பேனா பயன்படாது. முனை மேல்நோக்கியிருந்தால் மை இறங்காது. தடித்த க்ரேயானே நல்லது. அதிலும் முக்கோண வடிவிலானது கட்டிலிலிருந்து உருண்டு விழாது. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலுக்கடியில் நீலக் க்ரேயானைத் தேடிய தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

கடையில் நூலைப் புரட்டும்போது தாளையும் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான தாளில் க்ரேயான் ஒட்டாது. மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனாவின் மை ஊறி அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். வெட்டி ஒட்டும் நூலாயின், தாளின் பின்புறம் வெற்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து மீனை வெட்டினால் மறுபக்கத்துக் குதிரையின் தலை போய்விடும்படி அச்சிட்ட நூல்கள் எத்தனையோ உண்டு.

வயது என்னும் எண்

அட்டையில் ‘3 முதல் 6 வயது வரை’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த மூன்றாண்டு இடைவெளியில் ஒரு குழந்தையின் கை கடக்கும் தொலைவு பெரிது. ஏறத்தாழ 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரையும். 4 வயதில் கூட்டல் குறி கைவரும். முக்கோணத்திற்கு 5 வயதாக வேண்டும். கத்தரிக்கோலால் தாளின் ஓரத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது 3 வயதுக் கை; கோட்டின் மேல் வெட்டிச் செல்வது 4 வயதைக் கடந்த கை. இவை எல்லாம் தோராயமே. சில மாதங்கள் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. புள்ளிகளை இணைக்கும் படமாயின், குழந்தைக்கு எந்த எண் வரை தடுமாறாமல் வருகிறதோ அந்த எண்ணோடு முடியும் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நோயுற்ற குழந்தைக்கு இதிலிருந்தும் ஒரு படி இறங்குங்கள். காய்ச்சலிலும் அசதியிலும் ஐந்து வயதுக் குழந்தை நான்கு வயதுக் குழந்தையைப் போல விளையாடும். முன்பு ஒதுக்கிவிட்ட பழைய நூலைக் கேட்கும். பெற்றோர் இதைக் கண்டு அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டாம், தனக்கு நன்கு தெரிந்த ஒன்றைச் செய்து வெல்வதையே அது நாடுகிறது. உடல் தேறும்போது பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்கு ஏறிவிடும்.

காய்ச்சல் நாளுக்கும் தேறிவரும் நாளுக்கும் வெவ்வேறு நூல்கள் வேண்டும் என்பது என் கருத்து. கையே தேவைப்படாதவை முதல் வகை: படத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பவை, சொற்களே இல்லாத படக்கதைகள். குழந்தை கண்ணால் தேடும், விரலால் சுட்டும், சுட்டவும் இயலாவிட்டால் நீங்கள் விரலை நகர்த்த, அது “அங்கே” என்று சொல்லும். மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987இல் வெளியிட்ட வாலியைத் தேடும் நூலை இதற்காகச் சிலர் வாங்கி வருகின்றனர். அது நல்ல நூல்தான். ஆயினும் நூற்றுக்கணக்கான சிறு உருவங்கள் நெருங்கிய பக்கம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் களைப்படையச் செய்யும். பத்துப் பொருள்கள் உள்ள பக்கம் போதும். மடிப்பைத் திறந்தால் உள்ளே வேறொரு படம் தோன்றும் நூல் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஊசி போடும் வேளைக்கு அது உதவும். அந்த வேளையில் கைபேசியைக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகக் காட்டுங்கள் என்றே சொல்வேன். 2 முதல் 4 வயது வரை திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்த ஒரு மணி நேரத்தை ஊசிக்கும் இரத்தப் பரிசோதனைக்குமாகச் சேமித்து வைப்பது சிக்கனமான வழி.

பாம்பும் ஏணியும்

விளையாட்டு நூல்களிலும் அட்டைகளிலும் நம் வீடுகளுக்கு நன்கு பழகியது பரமபதம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மூன்றாம் முறையாக நோய் திரும்பி அனுமதிக்கப்பட்டிருந்தான். காலைதோறும் அவன் சிறுநீரில் தாயார் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பார். புரதம் இருந்தால் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். ஒருநாள் பட்டை பச்சையானதைத் தாய்க்கு முன்பே அவன் பார்த்துவிட்டான். “எனக்குப் பாம்பு கொத்திடுச்சு” என்று சொன்னவன், அதன்பின் அந்த அட்டையைத் தொடவில்லை.

அட்டையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். தாயார் என்னைவிடத் தெளிவானவர். அன்று மாலை அவர் காய்களுள் ஒன்றை அகற்றிவிட்டு, ஒரே காயை இருவருக்கும் பொதுவாக வைத்தார். மாறி மாறித் தாயம் உருட்டி இருவரும் அதையே நகர்த்தினர். பாம்பு கொத்தினால் இருவரும் இறங்கினர். “இப்ப அம்மாவையும் சேர்த்துக் கொத்துது” என்று அவன் சிரித்ததை நான் கேட்டேன். தூங்கும் வரையில் திரும்பத் திரும்ப ஆடினார்களாம்.

ஐந்தாறு வயது வரை தோல்வியைத் தாங்குவது குழந்தைகளுக்கு இயல்பாகவே கடினம். நோயின்போது இன்னும் கடினம். ஆகவே ஒருவர் வென்று மற்றவர் தோற்கும் ஆட்டத்தைவிட, எல்லோரும் ஒரு பக்கமாக நின்று ஆடக்கூடியதைத் தேடுங்கள். இல்லையேல் அந்தத் தாயைப் போல விதியை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடு புலி ஆட்டம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

வார்டுக்குள் கொண்டுவரக் கூடாதவை

அழுத்தினால் ஒலி எழுப்பும் நூல்களில் பொத்தான் போன்ற சிறு மின்கலம் இருக்கும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்படாமல் இருந்தால் வாங்காதீர்கள். விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். அத்தகைய ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், குழந்தை நலமாகத் தோன்றினாலும், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். பல்லாங்குழிக்கான புளியங்கொட்டையும் சோழியும் மூக்குக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகக்கூடியவை. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் வந்து போகும் கட்டிலில் அவை வேண்டாம். இழுப்பு உள்ள குழந்தையின் அருகே கடும் நெடியுள்ள மார்க்கர் பேனாவைத் தவிர்க்கவும். ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைகளுக்குத் தொற்று எளிதில் வரும். வழுவழுப்பான அட்டை நூலைத் துடைத்து விடலாம். பலர் கைபட்ட களிமண்ணைத் துடைக்க முடியாது. அதை வாங்கினால் உங்கள் குழந்தைக்கென்று தனியாக வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். வீக்கம் வடியும் வரை உப்பையோ நாங்கள் குறைத்திருப்போம். அந்நிலையில் ‘எத்தனை வடைகள்? எண்ணு’ என்று கேட்கும் பக்கத்தைக் குழந்தையின் முன் விரிப்பது கொடுமை. வாங்கும்போதே புரட்டிப் பார்த்து, தின்பண்டப் படங்கள் நிறைந்த நூலை வைத்துவிட்டு வாருங்கள்.

பாடம் பின்தங்கிவிடாதா?

விடுமுறைப் பயிற்சி நூல் என்ற பெயரில் கூட்டல் கணக்கும் கையெழுத்துப் பயிற்சியும் நிறைந்தவற்றைச் சில பெற்றோர் கொண்டுவருகின்றனர். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. பள்ளி நாட்கள் ஏற்கெனவே பல போயிருக்கும். ஆயினும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வார்டில் இவை வேண்டாம் என்பதே என் முடிவு. பரமபதத்தில் கட்டங்களை எண்ணி நகர்த்தும் குழந்தை எண்களைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்தை முடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தவறிய வண்ணத்தைத் திருத்தாதீர்கள். பாதியில் மூடிய நூலை மறுநாள் குழந்தையே திறந்தால் திறக்கட்டும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ்ச் சிறுவர் நூல்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து அமைந்த படநூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். ஒரு கதையைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தால் அதுவே வண்ணம் தீட்டும் நூலாகிவிடும். ஒரு சமயத்தில் ஒரு நூலை மட்டும் கொடுங்கள். மற்றவை பைக்குள் இருக்கட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டியிடம் விட்டுவந்த அக்காளையோ தம்பியையோ மறந்துவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்கும் விடுமுறைதான் போய்விட்டது. ஆறுதல் சொல்ல அங்கே வருவோர் குறைவு. இயன்றால் ஒரே நூலில் இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை வீட்டுக்கு அனுப்புங்கள். மாலையில் தொலைபேசியில் இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து, யானைக்கு என்ன நிறம் என்று பேசிக்கொள்ளட்டும்.