ஆடுமுன் அளிக்கும் தீர்ப்பு

ஒருவனது ஆற்றலை அவன் செயலாலன்றி அறிதல் அரிது. எனினும் செயல் நிகழுமுன்னரே, இன்னான் முதல்வன், இன்னான் இரண்டாமவன் என வரிசைப்படுத்திக் காண விழைவது மக்கள் இயல்பு. இவ்வியல்பு தெளிவுறப் புலப்படும் இடங்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிப் பந்தாட்டம். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், ஒரு பந்தேனும் எறியப்படுமுன், சிறந்த ஆட்டக்காரர் இன்னின்னார் என எண்ணிட்ட பட்டியல்களைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் வெளியிடுகின்றன. வெளியான அன்றே, "எங்கள் கல்லூரி வீரனைப் புறக்கணித்துவிட்டனர், பத்திரிகையாளர் பட்சபாதமுடையர்" என்னும் கூக்குரலும் எழுகின்றது. இக்கூக்குரலில் உண்மை எத்துணை, மயக்கம் எத்துணை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இங்கே பந்தாட்டம் என்றது நம் மைதானங்களிற் காலால் உதைத்தாடும் ஆட்டத்தை அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிற்பற்றி ஓடியும், எறிந்து பிடித்தும், பக்கத்துக்குப் பதினொருவராய் ஆடுவது அது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அதன் தலையாய பிரிவில் 2025-ஆம் ஆண்டில் 136 கல்லூரிகள் இருந்தன. பருவத்தில் ஒவ்வொன்றும் ஆடுவதோ பெரும்பாலும் 12 ஆட்டங்களே. ஆகவே எல்லோரும் எல்லோரோடும் பொருதல் இயலாது. கலிபோர்னியாவில் ஆடுவோனையும் அலபாமாவில் ஆடுவோனையும் நேரே ஒப்பிட அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் அபிப்பிராயம் புகும். அபிப்பிராயம் புகுந்த இடத்தில் ஐயமும் உடன்புகும்.

இவ்வையம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1889-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியான 'அகில அமெரிக்க அணி'யிற் கண்ட பதினொருவரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்னும் மூன்றே கல்லூரிகளைச் சேர்ந்தவர். அத்தேர்வைப் பல்லாண்டு நடத்திய வால்ட்டர் காம்ப் என்பார் யேல் கல்லூரியின் பழைய மாணவர். மேற்குப் பகுதியினர் ஒருவர், சிக்காகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர், அவரது முதல் அணியில் இடம்பெற 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஆட்டத்தின் வலிமையும் கிழக்கிலேயே திரண்டிருந்தது உண்மை. ஆதலின் இத்தேர்வில் தகுதி எவ்வளவு, சார்பு எவ்வளவு எனப் பிரித்துக் காண்டல் எளிதன்று. இக்குழப்பமே இன்றுவரை தொடர்கின்றது.

பின்னர், 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் பத்திரிகையாளரின் வாக்குகளைத் தொகுத்து வாரந்தோறும் அணிகளை வரிசைப்படுத்தலாயிற்று. அதனைத் தொடங்கிய ஆலன் கூல்டு, ஆட்ட நாட்களுக்கு இடையே மக்களின் ஆர்வத்தையும் விவாதத்தையும் வளர்ப்பதே தம் கருத்தாயிருந்ததெனப் பிற்காலத்தில் ஒளியாது கூறினார். 1950-இல் அந்நிறுவனம் பருவம் தொடங்குமுன்னரே வரிசை வெளியிடத் தலைப்பட்டது. அம்முதற் பட்டியலில் முதலிடம் பெற்ற நோட்டர்டேம் அவ்வாண்டு நான்கில் வென்று, நான்கில் தோற்று, ஒன்றிற் சமனாயிற்று! பட்டியலின் நோக்கமும் அதன் உறுதியும் இவையாயின், அதனை வேதவாக்கெனக் கொள்வோரும், அதன்பொருட்டுச் சினந்து உறக்கம் இழப்போரும் சிறிது நின்று எண்ணுதல் நலம்.

இனி, பிழை வேறு, பட்சபாதம் வேறு என்பதை உணரவேண்டும். லூயிசியானா மாநிலக் கல்லூரியின் ஜோ பர்ரோ 2018-ஆம் ஆண்டில் எறிந்த பந்துகளில் 16 மட்டுமே எல்லையைக் கடந்து புள்ளி ஈட்டின. 2019-ஆம் பருவத்துக்கு முன் அவரை முதல் வரிசையில் வைத்தோர் மிகச் சிலர். அப்பருவத்திலோ அவர் 60 முறை அவ்வாறு எறிந்து, ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்குரிய ஹைஸ்மன் விருதையும் வென்றார். முன்னர்க் கணித்தோர் தவறினர், ஆயினும் வஞ்சித்தாரல்லர். கண்ட சான்றைக் கொண்டு எண்ணினர். காணாததை அவர் எங்ஙனம் அறிவர்?

ஆயின் சான்று கண்முன் இருந்தும் காணாது விடுதல் மற்றொரு வகை. 2015-இல் ஸ்டான்போர்டின் கிறிஸ்டியன் மெக்காப்ரி, ஒரே பருவத்தில் எல்லா வகையாலும் கடந்த தூரத்தில், பாரி சாண்டர்ஸ் 1988-இல் நிறுவிய 3,250 கஜ எல்லையைத் தாண்டினார். ஹைஸ்மன் விருதோ அலபாமாவின் டெரிக் ஹென்றிக்குச் சென்றது. மேற்குக் கரையார் கூறிய குறை யாதெனின், தம் வீரன் ஆடத் தொடங்கும் மாலை வேளையில் மூன்று மணி நேரம் முற்பட்ட கிழக்குக் கரையில் இரவு முதிர்ந்துவிடும். வாக்களிப்போர் உறங்கிவிடுவர் என்பது. இக்குறை முற்றிலும் வெறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஹென்றியும் அவ்வாண்டு தம் அணி சார்ந்த தென்கிழக்குச் சங்கத்தின் ஓட்டச் சாதனையை முறியடித்தவரே. அன்றியும் அசோசியேட்டட் பிரஸ் அவ்வாண்டின் சிறந்த வீரராக மெக்காப்ரியையே தேர்ந்தது. பத்திரிகையுலகம் முழுவதும் ஒரே மனத்தோடு சதிசெய்தது என்பார் இதற்கு விடை கூறுதல் வேண்டும்.

இவ்விரண்டினும் கொடியது, முதலில் இட்ட எண் பின்னர் நிகழ்ந்தவற்றையும் ஆளுதல். இதற்கு அணிகளின் வரிசையே நல்ல சான்று. 2004-இல் பருவத்துக்கு முன் தென் கலிபோர்னியா முதலாவதாகவும், ஓக்லஹோமா இரண்டாவதாகவும், ஆபர்ன் பதினேழாவதாகவும் வைக்கப்பட்டன. மூன்றும் பருவம் முழுவதும் தோல்வியறியாது நின்றன. இறுதிப் போட்டிக்கு இடம் இரண்டே; முன்னின்ற இருவரும் தோலாமையின் ஆபர்ன் புறத்தே நின்றது. அப்போட்டியில் ஓக்லஹோமா 55-க்கு 19 எனத் தோற்றது. ஆகஸ்டில் விளையாட்டாய் எழுதிய எண் சனவரியில் தீர்ப்பாயிற்று. 2014 முதல் இறுதிச்சுற்றுக்குரியாரைத் தேரும் குழு, பருவம் பல வாரம் கடந்த பின்னரே தன் முதல் வரிசையை வெளியிடுவது இக்குற்றத்துக்கு ஒரு மருந்து. ஹைஸ்மன் விருதுக்கு வாக்களிக்கும் பத்திரிகையாளரை ஆறு பகுதியினராகப் பிரித்துப் பகுதிக்கு 145 பேராக நிறுத்தியிருப்பது மற்றொரு மருந்து.

பொருளின் பக்கமும் ஒன்று உண்டு. இ.எஸ்.பி.என். என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 2014-இல் தென்கிழக்குச் சங்கத்துக்கெனத் தனி ஒளிபரப்பு ஒன்றைத் தொடங்கியது. வீரர்களை வரிசைப்படுத்துவதும் அந்நிறுவனமே. விற்பவனே தன் சரக்குக்கு மதிப்பும் கூறினால், அவன் கூற்று பொய்யென்று துணிதல் தகாது. சோதியாது ஏற்றலும் தகாது.

ஆதலின் பட்சபாதம் எனக் குற்றஞ்சாட்டுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதலாவது, பிழைகள் எப்போதும் ஒரு பக்கமே சாய்கின்றனவா? இருபக்கமும் சாய்வது அறியாமை. ஒருபக்கமே சாய்வது சார்பு. இரண்டாவது, அப்பிழையால் கணிப்போனுக்கு ஊதியம் உண்டா? மூன்றாவது, புதிய சான்று கண்டபோது அவன் தன் எண்ணைத் திருத்துகின்றானா? நான்காவது, இதே பிழை எம் கல்லூரிக்கு ஆக்கமாய் நேர்ந்திருப்பின் யாம் இங்ஙனம் கூவுவமா? பெரும்பாலான கூக்குரல்கள் நான்காம் வினாவின் முன் வாயடைத்துப்போம். முதல் மூன்றனையும் கடந்து நிற்பவையோ கேட்கப்படவேண்டிய முறையீடுகள்.

வெறும் விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் எனச் சிலர் வினவலாம். 2021 சூலை முதல் அந்நாட்டுக் கல்லூரி வீரர் தம் பெயராலும் உருவாலும் பொருளீட்ட இசைவு உண்டாயிற்று. ஆகவே பட்டியலில் நிற்கும் எண் இன்று புகழ் மட்டுமன்று, பிழைப்புமாம். எண்ணிடப்படுவோரோ பத்தொன்பது, இருபது ஆண்டு நிரம்பிய எம்மனைய மாணாக்கர். உதவித்தொகை பெறாது வலிய வந்து அணியிற் சேர்ந்த பேக்கர் மேபீல்டு 2017-இல் ஹைஸ்மன் விருது பெற்றார். தாழ வைத்த எண் அவரைத் தடுக்கவில்லை. எனினும் அங்ஙனம் தடையுண்டு நின்றோர் பெயரை யாம் அறிதற்கே வழியில்லை. உயர வைத்தலும் சுமையே. புகழ்பெற்ற பந்தாட்டக் குடும்பத்திற் பிறந்த டெக்சாஸின் ஆர்ச் மேனிங், 2024 வரை இரண்டு ஆட்டங்களையே தொடங்கி ஆடியிருந்தும், 2025-ஆம் பருவத்துக்கு முன் ஹைஸ்மன் விருதுக்கு முதல்வராகப் பேசப்பட்டார். முதலிடத்தில் வைக்கப்பட்ட அவரது அணி முதல் ஆட்டத்திலேயே ஒஹையோ மாநிலக் கல்லூரியிடம் 14-க்கு 7 எனத் தோற்றது. அவ்வாண்டு விருது பெற்றவர் இந்தியானாவின் பெர்னாண்டோ மெண்டோசா. பிறர் ஏற்றிய உயரத்தினின்றும் வீழ்ந்ததற்கு இளைஞன் ஒருவனை எள்ளுதல் எவ்வாறு நீதியாகும்?

கணிப்பைக் கணிப்பென்றே கூறுதல் எழுதுவோன் கடன். அதனைக் கணிப்பென்றே கொள்ளுதல் படிப்போன் கடன். காய்தல் உவத்தல் இன்றி நோக்குதல் இருவர்க்கும் பொதுக் கடன். துலாக்கோலைப் பிடித்தவன் கை நடுங்குகின்றதா எனப் பார்ப்பது நன்றே. அதற்குமுன், நாம் நிற்கும் தட்டு எதுவென நோக்குதல் அதனினும் நன்று.