பட்டாளத்துப் பேண்டுச் சட்டையை வாசிப்பது எப்படி?

ராஜாக்களின் உடைகளுக்கு எப்போதும் இடம் கிடைத்துவிடுகிறது. நம் ஹைதராபாத்தின் புரானி ஹவேலியில், ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் உடைகளுக்காகச் செய்யப்பட்ட சுமார் 176 அடி நீள இரண்டடுக்கு மர அலமாரியை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதே காலத்தில் அணிவகுப்புக்கு டிரம் அடித்தவர், பியூகிள் ஊதியவர் ஆகியோரின் சட்டைகள் என்ன ஆயின? பெரும்பாலானவை கந்தலாகிப் போயின. மிஞ்சியவை சில வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும், பழம்பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. அப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது என்பதே இந்தப் பாடம்.

நமக்கும் இதற்கும் என்ன உறவு?

1798-இல் நிஜாம் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கைப்படி இங்கே வந்து தங்கியது சென்னை ராஜதானிப் படை. 1806-இல் செகந்திராபாத் உருவானது. படையோடும் படைக்குப் பின்னாலும் தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. அந்தப் படையின் வாத்தியக்காரர்களைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி உண்டு. தாய், தந்தை இருவருமே ஐரோப்பியராக இல்லாதவர் குழல், டிரம், பேண்டு வாசிப்பவராகவோ, லாடம் கட்டுபவராகவோ அன்றி வேறு பணியில் கம்பெனிப் படையில் சேரக்கூடாது என்று 1795-இல் உத்தரவு பிறந்தது. ஆங்கிலோ-இந்தியருக்கு அந்நாளில் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று பேண்டு. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் அச்சமூகத்தாருடன் பழகிய நம் தலைமுறையினர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சென்னைக் கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாஹித்யங்கள் இயற்றினார். அந்த மெட்டுகளை நம் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள். வாசித்தவர்களின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

சட்டையைப் பரிசோதிக்கும் முறை

ரயில் பெட்டியைப் பரிசோதிப்பது போலவே, வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. நிறம்: போர்க்களத்தில் உத்தரவுகள் டிரம் ஒலியாகவே போயின. அதனால் டிரம்காரர் எங்கே நிற்கிறார் என்பது அதிகாரி கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும். ஆகவே பிரிட்டிஷ் காலாட்படையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிறத்தை மாற்றிப் போட்டார்கள். சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டும் மஞ்சள் கழுத்துப்பட்டையும் என்றால், டிரம்காரருக்கு மஞ்சள் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும். 1914-க்குப் பிறகு அந்தக் காலாட்படையில் வண்ணச் சீருடை பெரும்பாலும் பேண்டுக்கு மட்டுமே மிஞ்சியது. மற்றவர்கள் காக்கிக்கு மாறினார்கள்.

2. தோளும் சரிகையும்: தோள்மூட்டில் பிறை வடிவில் சிறகு போன்ற துணி வைத்துத் தைத்திருந்தால் அது பெரும்பாலும் வாத்தியக்காரர் சட்டை. டிரம்காரரின் நாடாவில் சிறு மகுடங்கள் நெய்யப்பட்டிருப்பதும் உண்டு.

3. பொத்தான்: விக்டோரியா கால மகுடத்தின் வளைவுகள் உச்சியில் சற்றுத் தாழ்ந்திருக்கும். 1901-க்குப் பின் வந்த மகுடம் கும்மட்டம் போல் உருண்டிருக்கும். 1950-க்குப் பிறகு அசோகச் சிங்கம். பின்பக்கம் செய்தவர் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். சின்னத்தில் 'ஹைதராபாத்' என்று இருப்பதாலேயே நிஜாமின் சொந்தப் படை என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய ராணுவத்தின் 19-ஆம் ஹைதராபாத் ரெஜிமெண்ட் 1922 முதல் அப்பெயரில் இருந்து, 1945-இல் குமாவோன் ரெஜிமெண்ட் ஆனது.

4. நூல்: மெஷின் தையல் இருந்தால் அது 1850-க்கு முந்தியதாக இருப்பது அரிது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். நூல் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அண்மைக் கால நூலாக இருக்கலாம். சோப்புத்தூளில் துவைத்த பழைய துணியும் ஒளிரும். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கல்யாண பேண்டுக் கோட்டுகளைப் பட்டாளத்துக் கோட்டு என்று விற்பவர்களும் உண்டு.

5. உட்புறம்: இதுதான் முக்கியம். லைனிங்கில் மசியால் எழுதிய எண், பெயர், ஒட்டுப்போட்ட இடம், வியர்வைக் கறை எல்லாவற்றையும் பாருங்கள். மார்பளவை டேப்பால் அளந்து எழுதுங்கள். டிரம் அடிக்கச் சிறுவர்களையும் சேர்த்தார்கள். 26 அங்குல மார்புள்ள ஒரு கோட்டு, அதை அணிந்தது ஒரு பையன் என்று சொல்லிவிடும்.

காக்கும் முறை

துவைக்காதீர்கள்; சாயம் இறங்கும், மசியெழுத்து அழியும். பொத்தானுக்குப் பித்தளைப் பாலிஷ் போட்டால் அது துணியில் ஊறிக் கறையாகும். கம்பியில் தொங்கவிட்டால் சரிகையின் கனத்தில் தோள் கிழியும். துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியைப் பந்துபோல் சுருட்டிக் கைகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் வைத்து, படுக்கை வாக்கில் பெட்டியில் வையுங்கள். அந்துருண்டை நேரே துணியில் படக்கூடாது. மழைக்காலம் முடிந்ததும் நிழலில் விரித்து, அந்துப்பூச்சியும் ராமபாணப் பூச்சியும் உண்டா என்று பாருங்கள்.

சட்டம்

நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். படையில் இல்லாதவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு சீருடை அணிவதும் குற்றம்.

செய்ய வேண்டியது

கடையில் வாங்கிய கோட்டுக்கு விலை உண்டு, பெயர் இருப்பதில்லை. வீட்டில் இருக்கும் கோட்டுக்குப் பெயர் உண்டு. திருமலகிரியிலோ பொல்லாரத்திலோ வாழும் உறவினர் வீட்டில் இப்படி ஒரு சட்டை இருந்தால், அதை அணிந்தவர் பெயர், படைப்பிரிவு, வாசித்த வாத்தியம், சேர்ந்த ஆண்டு ஆகிய நான்கையும் அட்டையில் பென்சிலால் எழுதி நூலால் கட்டிவையுங்கள். இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பொத்தானைப் பார்த்துக் காலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை.