தெளிகருவியைப் பேணும் முறை

வயலிற் களைகொல்லி தெளித்த கருவியைக் கழுவாது தக்காளி, மிளகாய்ப் பாத்திகளில் உபயோகித்தலாகாது. எம்.சி.பி.ஏ. போன்ற களைகொல்லிகள் அகன்ற இலைத் தாவரங்களைத் தாக்குவன. ஆகவே தாங்கியில் எஞ்சிய சிறிதளவும் மரக்கறிப் பயிரின் இலைகளைச் சுருளச் செய்து விளைச்சலைக் கெடுக்கக்கூடும்.

வேலை முடிந்தவுடன் தாங்கியைச் சுத்தமான நீரால் 3 முறை அலசுக. ஒவ்வொரு முறையும் அந்நீரைக் குழாய், தெளிமுனை வழியாகத் தெளித்த வயலிலேயே வெளியேற்றுக. கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றற்க. தெளிமுனை அடைபட்டால் வாயால் ஊதாது, மென்மையான தூரிகையால் துப்புரவு செய்க.

பின்னர் மூடியைத் திறந்து, கருவியைக் கவிழ்த்து உலரவிடுக. வெயில் றப்பர்ப் பகுதிகளை வெடிக்கச் செய்யும். ஆதலால் நிழலில், உணவுப்பொருள்களுக்கு அப்பால், பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்திற் சாக்கினால் மூடி வைத்தல் வேண்டும். இயலுமாயின் களைகொல்லிக்கெனத் தனிக்கருவி வைத்திருத்தல் சாலச் சிறந்தது.