பட்டாம்பூச்சிக்கும் குளிரும்!

தை மாதம் மாமாவோடு கும்பக்கரையில் இருந்து வெள்ளகவிக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தேன். 2019-ல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனைப் பார்க்கணும் என்று ஆசை.

விடியுமுன்னே கிளம்பினோம். ஒரே ஏற்றம், மூச்சு வாங்கியது. எட்டு மணி வரை ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. அப்புறம் ஒரு புதரில் இறக்கையை மூடிக்கொண்டு கறுப்பாக ஒன்று. தொட்டேன், அசையவில்லை. செத்துப்போச்சு என்று நினைத்து, அறிவியல் நோட்டில் ஒட்டலாம் என்று எடுக்கப் போனேன். மாமா, "விடு தாயி, அது சாகல. வெயில் வரட்டும்" என்றார்.

காரணம் இதுதான். நம் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். பட்டாம்பூச்சி குளிர் இரத்தப் பிராணி. பறக்கும் தசை சுமார் 30 டிகிரி சூடானால்தான் அது நன்றாகப் பறக்கும். மலையில் 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும். அதனால் இறக்கையை விரித்து வெயில் காயும்.

வெயில் வந்தது. இறக்கை மெல்ல விரிந்தது, நடுங்கியது, பறந்தே போச்சு! பிறகு பார்த்தால் பாதையெல்லாம் பூச்சிகள். குதிரை மூத்திரம் பெய்த சேற்றில் ஒரு கூட்டம். சீ என்றேன். உப்பு உறிஞ்சுகிறதாம், பெரும்பாலும் ஆண் பூச்சிகள். தமிழ் மறவன் மட்டும் வரவேயில்லை.

போன வருஷம் மார்கழிக் காலையில் ஒரு மஞ்சள் பூச்சியை எடுத்து நோட்டில் ஒட்டினேன். அது செத்துத்தான் இருந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.