சிறு படகும் நான்கு வீச்சு இயந்திரமும்

தோற்றுவாய்

சிவகங்கைச் சீமையிலுள்ள திருக்கோஷ்டியூர் கடற்கரையூர் அன்று. எனினும் ஆண்டுதோறும் மாசித் திங்களில் அவ்வூர்த் திருக்குளத்தில் நிகழும் தெப்ப விழாவைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். தெப்பம் நடுக்குளத்திற் சிறிது தங்கி நின்றாலும் அஞ்சுவார் இலர். நாற்புறமும் கரை அணித்தே உளது. அவ்வூரினின்று தென்கிழக்கு நோக்கித் தேவகோட்டை வழியாகச் செல்வோமாயின் தொண்டிக் கரையை அடைவோம். ஆண்டுப் பாக் விரிகுடாவிற் படகு செலுத்துவோர் நிலை வேறு. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிடின், காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே படகு செல்லும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளிற் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அக்கடலின் ஊடே செல்கின்றது. இயந்திரம் பழுதுற்று அக்கோட்டைக் கடந்து சிறைப்பட்டோரும் உளர். ஆதலின், சிறு படகின் இயந்திரம் எத்துணை விரைந்து செல்லும் என்பதினும், சென்ற படகைத் தவறாது கரை சேர்க்குமா என்பதே தலையாய வினா. அவ்வினாவை முன்வைத்து, வெளிப்பொருத்தும் நான்கு வீச்சு இயந்திரத்தின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

இயந்திரத்தின் வரலாறு

வெளிப்பொருத்தும் இயந்திரமாவது, படகினுள் நிலையாக அமையாது அதன் பின்பலகையிற் மாட்டப்படுவது. உச்சியில் எஞ்சினும், நடுவே செங்குத்தான தண்டும், நீருள் விசிறியும் உடையது. இயந்திரமே இருபுறமும் திரும்புமாதலின் தனிச் சுக்கான் வேண்டா. ஆழமற்ற இடங்களில் அடிப்பகுதியைத் தூக்கிவிடலாம். நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூடு என்பார் 1909-ஆம் ஆண்டில் இதனைப் பலரும் வாங்கத்தக்க வணிகப் பொருளாக்கினார். அதன்பின் நெடுங்காலம் இவ்வினத்திற் பெரும்பாலன இரண்டு வீச்சு இயந்திரங்களாகவே இருந்தன. நான்கு வீச்சு முறையை ஆட்டோ என்னும் ஜெர்மானியர் 1876-ஆம் ஆண்டிலேயே செயற்படுத்தினாரெனினும், அது எடை மிக்கதாகலின் சிறு படகிற்கு ஏலாதெனக் கருதப்பட்டது. ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 1964-இல் நான்கு வீச்சு இயந்திரமொன்றை வெளியிட்டது. 1996-இல் அமெரிக்க அரசு படகு எஞ்சின்களின் புகைக்கு வரம்பு விதித்தபின் இம்முறை எங்கும் பரவலாயிற்று. எவின்ரூடு பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தியோ 2020-இல் நின்றுபோயிற்று.

இருவகையும் தொழிற்படுமாறு

நான்கு வீச்சு எஞ்சினில் எரிகலவையை உறிஞ்சல், அதனை அழுத்தல், எரிந்து தள்ளல், புகையை வெளியேற்றல் என நான்கு தொழில்களும் பிஸ்டனின் நான்கு வீச்சுகளில் தனித்தனியே நிகழ்கின்றன. தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறை ஆற்றல் பிறக்கும். இரண்டு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றல் பிறக்கும். அது சிறிய உருவில் மிக்க வலி உடையதாதற்கு இதுவே காரணம்.

ஆயினும் அவ்வலிக்கு ஒரு விலை உண்டு. பழநீர் வடியும் மடையை அடைக்காமலே வயலுக்குப் புதுநீர் பாய்ச்சினால், புதுநீரிற் சிறிது பழநீரோடு ஓடிப்போமன்றோ? அவ்வாறே பழைய அமைப்பினதாய இரண்டு வீச்சு எஞ்சினில், எரியாத கலவையின் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகின்றது. இவ்விழப்பு நாலிலொரு பங்கினும் மிகுதலுண்டு. ஒரு நாட் பயணத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் செல்லுமெனக் கொள்வோம். அதில் 5 லிட்டர் எரியாமலே கடலிற் கலக்கலாம். மேலும் 50-க்கு 1 என்னும் அளவில் மசகெண்ணெய் கலப்பின், அப்பயணத்தில் 400 மில்லிலிட்டர் மசகெண்ணெயும் செலவாகும். நாட்கூலியை நம்பி வாழ்வோர்க்கு இது சிறு தொகையன்று. கடல்வாழ் உயிர்க்கும் இது நன்றன்று. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் அறிவித்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நான்கு வீச்சு எஞ்சின் வலை இழுக்கும் மெல்லோட்டத்திலும் சீராக ஓடும்; பிளக்கிற் கரி படிதல் குறைவு; புகையும் ஓசையும் சிறிதே.

உறுதிப்பாடு

இனி, தவறாது கரை சேர்க்குமா என்னும் வினாவிற்கு வருவாம். நான்கு வீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெய் தனித்தொட்டியில் தங்கி உறுப்புகளைக் காக்கின்றது. அதன் அளவை நாள்தோறும் நோக்குதலும், ஏறத்தாழ 100 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றுதலும் வேண்டும். இதனை மறந்தவனுக்கு வால்வும் பிஸ்டனும் தேய்ந்து கேடு விளையும்.

இரு வகைக்கும் பொதுவான பகை உப்புநீர். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கடலினின்றே ரப்பர்ச் சக்கரத்தால் இழுக்கப்படுகின்றது. பாக் விரிகுடா ஆழங்குறைந்தது. சேறும் கடற்புல்லும் நீர் புகும் வாயை அடைத்தல் எளிது. பின்புறத்திற் பீச்சும் சிறு நீர்த்தாரை நின்றுவிடின், உடனே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். கரை சேர்ந்தபின் நன்னீர் செலுத்தி உட்புறத்தைக் கழுவுதலும், துத்தநாகத் துண்டுகள் தேய்ந்தவிடத்து மாற்றுதலும், எரிபொருளில் நீர் கலவாது வடிகட்டுதலும் தவிர்க்கலாகாதன.

நான்கு வீச்சு இயந்திரத்தின் குறைகளையும் மறைத்தலாகாது. ஒத்த வலியுடைய இரண்டு வீச்சு இயந்திரத்தினும் இது பெரும்பாலும் எடை மிக்கது. நாள்தோறும் கழற்றித் தோளிற் சுமந்து மணலேறுவோர்க்குத் துன்பம் தரும். அலையிற் படகு கவிழ்ந்து எஞ்சின் நீரில் மூழ்குமாயின், இரண்டு வீச்சினதைத் துடைத்து உலர்த்தி மீண்டும் ஓட்டுதல் எளிது. நான்கு வீச்சினதிலோ மசகெண்ணெயை முற்றும் மாற்றுதல் வேண்டும். உறுப்புகள் பலவாதலின் பழுது பார்ப்போர்க்கும் பயிற்சி மிகுதியாக வேண்டும். கேரளக் கரையில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு வீச்சு இயந்திரங்கள் நெடுநாள் நிலைத்தமைக்கும், தமிழகக் கரையில் நீண்ட தண்டுடைய டீசல் எஞ்சின்கள் பலரால் விரும்பப்படுதற்கும், எரிபொருளின் விலையும் பழுது நீக்கும் எளிமையுமே காரணமாவன.

முடிபு

மேற்கூறியவாற்றால், அலையடங்கிய துறையிற் படகை நிறுத்தி, பெட்ரோலும் மாற்றுறுப்பும் தேர்ந்த தொழிலாளியும் அண்மையிற் பெறுவோர்க்கு நான்கு வீச்சு இயந்திரமே சிறந்தது என்பது பெறப்படும். பேரலை மோதும் திறந்த கரையினர் எடையையும் கவிழும் இடரையும் ஆராய்ந்தே கொள்ளுதல் நலம். எந்த இயந்திரமும் தானே நம்பிக்கைக்கு உரியதாகிவிடாது. அதன் உறுதியிற் பாதி உலோகத்திலும் பாதி ஓட்டுவோன் ஒழுங்கிலும் உளது. ஆதலின் படகு வாங்க மானியம் வழங்குவோர், அதனோடு துறைதோறும் பழுது நீக்கும் பட்டறையும் பயிற்சியும் அமைப்பாராக. எத்துணை நல்ல எஞ்சின் இருப்பினும் துடுப்பும் நங்கூரமும் இன்றிக் கடலேறுதல் அறிவுடைமை ஆகாது.